கட்டியைத் தோண்டும் முன்: தோல், சதைப் புற்று பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. உள்ளங்காலில் ஆறு மாதமாகக் கருப்புத் திட்டு. முள் குத்தியது என்கிறார். பழம் பறிப்பு முடிந்து காட்டலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே கீழே அழைத்து வாருங்கள். முள் குத்திய ரத்தக்கட்டு ஓரிரு மாதத்தில் தோலோடு உரிந்து போகும். மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று, வெள்ளைக்காரர் நோய் என்று நினைக்கிறோம். நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வரும், வெயிலைக் குறை சொல்ல முடியாது. இதில் திட்டு தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற தடிமன்தான் கணக்கு. 1 மி.மீ.க்குள் என்றால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலோடு எடுத்தால் போதும். 2 மி.மீ. தாண்டினால் 2 செ.மீ. தொடையிடுக்கு நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தால் மூன்றாம் நிலை. அங்கேயும் தடவிப் பாருங்கள்.

கேள்வி: தொடையில் கட்டி, நான்கு மாதத்தில் எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சு அளவு ஆகிவிட்டது. கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில் எடுக்கலாம் என்கிறார்கள். (ஆத்தூர்)

பதில்: எடுக்க விடாதீர்கள். கொழுப்புக் கட்டி மெத்தென்று தோலடியில் நழுவும், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். 5 செ.மீ. தாண்டியது, தசைக்குள் ஆழமாக இருப்பது, வளர்வது என்றால் சார்கோமா (சதைப் புற்று) இல்லை என்று தெரியும்வரை கத்தி கூடாது. முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. ஊசி போன பாதையையும் பின்னால் கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். எங்கே குத்துவது என்பதை ஆபரேஷன் செய்யப்போகிறவரே முடிவு செய்யட்டும். இது பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் பரவும், எனவே நெஞ்சுக்கு சிடி ஸ்கேன். கட்டியின் அளவு, செல்களின் வீரியம், பரவல் மூன்றையும் வைத்துத்தான் நிலை சொல்வோம்.

தோண்டி எடுத்த கட்டியைப் பரிசோதனைக்குக்கூட அனுப்பாமல் குப்பையில் போடுகிறார்களே, எனக்கு ஆறாத கோபம் அதில்தான். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். காலைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் காலை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு உயிர் பிழைத்ததை 1982லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது.

கேள்வி: சிறு வயதில் வெல்லப் பாகு கொட்டிய தழும்பு. ஒரு வருடமாக அதில் புண், மஞ்சள் அப்பியும் ஆறவில்லை. (ஓமலூர்)

பதில்: பழைய தீத்தழும்பில் ஆறாத புண் வந்தால் புற்று என்று சந்தேகித்தே தீர வேண்டும். பயாப்சிக்குப் புண்ணின் விளிம்பில் நாலைந்து இடத்தில் சதை எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் செத்த சதைதான் கிடைக்கும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

கேள்வி: கத்தி பட்டால் பரவுமாமே?

பதில்: முறையாக எடுத்தால் பரவாது. அரைகுறையாக வெட்டினால் அதே இடத்தில் திரும்ப வரும். அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கும். ஏற்கெனவே வெட்டியவர்கள் பழைய ரிப்போர்ட்டோடு பயாப்சி சிலைடுகளையும் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும்.