சட்டம் அனுமதித்த மாசுபாட்டையும் குற்றம் என்று கூற முடியுமா?

சட்டத்தின் பார்வையில் முடியாது. குற்றங்களை ஆராயும் துறையான குற்றவியலின் பார்வையில் முடியும், முடியவும் வேண்டும் என்பதே என் கருத்து. 1990-களிலிருந்து வளர்ந்துவரும், சுற்றுச்சூழல் தீங்குகளை ஆராயும் அதன் கிளையான பசுமைக் குற்றவியல், உரிமம் இருந்ததா என்பதைவிட யாருக்கு, எதற்கு, எவ்வளவு தீங்கு நேர்ந்தது என்பதையே முதலில் கேட்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று தெரிந்த பின்னரும் பல நாடுகளில் சட்டப்படியே விற்கப்பட்டது. கடைசியாக அல்ஜீரியா அதை 2021-இல்தான் நிறுத்தியது.

சட்டமீறல் தெளிவாக இருக்கும்போதும் வழக்கு தீங்கின் ஓரத்தை மட்டுமே தொடுவதுண்டு. 2006-இல் புரோபோ கோவாலா என்ற கப்பலின் நச்சுக்கழிவை ஆம்ஸ்டர்டாமில் முறைப்படி சுத்திகரிக்கச் செலவு அதிகம் என்றானதும், அது ஐவரி கோஸ்டின் அபிஜான் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, நகரைச் சுற்றிப் பல இடங்களில் கொட்டப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடும் தலைவலியோடும் தோல் எரிச்சலோடும் மருத்துவமனைகளை நாடினார்கள். ஆனால் 2010-இல் நெதர்லாந்து நீதிமன்றம் கப்பலை அமர்த்திய நிறுவனத்துக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது, கழிவைச் சட்டவிரோதமாக ஏற்றுமதி செய்ததற்கும் அதன் அபாயத் தன்மையை மறைத்ததற்கும்தான். அபிஜான் மக்கள் பட்ட துன்பத்திற்காக அல்ல.

இந்த இடைவெளியால்தான் சூழல் அழிப்பைப் பன்னாட்டுக் குற்றமாக்கும் கோரிக்கை வலுக்கிறது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சாசனம் இயற்கைக்கு நேரும் பரவலான, நீடித்த, கடுமையான சேதத்தைப் போர்க்குற்றங்களின் வரிசையில் மட்டுமே சேர்த்திருக்கிறது. அமைதிக்காலத்துக்கு அதற்கு நிகரான பிரிவு அதில் இல்லை.