மிலான் டிரிப்புக்கு லோன் கேக்குறீங்களா, மச்சான் ஷூவுக்கா?

கேள்வி: செப்டம்பர் கடைசில நானும் மனைவியும் ஒரு வாரம் இத்தாலில மிலான் போறோம். கையில 3 லட்சம் இருக்கு. அக்கா பொண்ணுக்கு ஹேண்ட்பேக், மச்சானுக்கு ஷூ, சகலைக்கு வாட்ச்னு லிஸ்ட் வந்திருக்கு, வந்ததும் பணம் தர்றோம்ங்கறாங்க. இன்னொரு 3 லட்சம் பர்சனல் லோன் போடலாமா, இல்ல டிராவல் ஆப்ல 'இப்ப போங்க, அப்புறம் கட்டுங்க'ன்னு வருதே, அது பெட்டரா? போன வருஷம் சிங்கப்பூர்ல மச்சானுக்கு வாங்கின போன் பணம் 80,000 இன்னும் என் கார்டுல நிக்குது, மினிமம் டியூ கட்டிட்டு இருக்கேன்.

பதில்: முதல்ல ஒரு கணக்கு. எல்லாமே தோராயம்னு வச்சுக்குங்க. ரெண்டு பேருக்கு ஃப்ளைட் 1.2 லட்சம், விசா, இன்ஷூரன்ஸ் 27,000, 6 நைட் ரூம் 78,000, சாப்பாடு மெட்ரோ டிக்கெட்னு ஒரு 48,000, ஆக மொத்தம் 2.75 லட்சத்துக்குள்ள முடியுது, அப்ப அந்த 3 லட்சம் லோன் முழுக்க மத்தவங்க லிஸ்ட்டுக்குத்தான். 14%ல 3 வருஷம்னா மாசம் 10,250, வட்டி மட்டும் 69,000 போல, அதை மச்சான் தருவாரா?

இன்னொரு விஷயம், செப்டம்பர் கடைசின்னா அங்க ஃபேஷன் வீக், ரூம் ரேட் எக்கச்சக்கமா ஏறும், என் கணக்கு உதைக்கும். ரெண்டு வாரம் தள்ளிப் போங்க.

ஆனா உங்க பிரச்சனை மிலானே இல்லைங்க, அந்த 80,000தான். மாசம் 3.5% வட்டி 2,800, அதுக்கு ஜிஎஸ்டி 500. நீங்க மினிமம் டியூன்னு கட்டுற சுமார் 4,000ல அசலுக்குப் போறது வெறும் 700. லோன் போட்டே ஆகணும்னா இந்த 80,000க்கு மட்டும் போட்டு கார்டு பாக்கியை அடைச்சிடுங்க, 12 மாசம் போட்டா மாசத்துக்கு 7,200 வரும், அதை மச்சான்கிட்ட மாசாமாசம் வாங்குங்க. தரலைன்னா ஷூ கிடையாது, இதுல என்ன கூச்சம்? அந்த ஆப் ஸ்கீம் பக்கமே போகாதீங்க, வட்டி இல்லைன்னு சொல்லிட்டு ப்ராசஸிங் ஃபீஸ்ல எடுத்துடுவாங்க.

'டாக்ஸ் ரீஃபண்ட் கிடைக்குமே'ன்னு அக்கா சொல்லுவாங்க. அங்க வாட் வரி 22%தான், ஆனா ரீஃபண்ட் ஏஜென்சி கமிஷன் போக கையில வர்றது அதைவிட நல்லாவே கம்மி. கார்டுல தேய்ச்சா ஃபாரெக்ஸ் மார்க்அப்பும் (வெளிநாட்டுக் காசுல தேய்ச்சா பேங்க் போடுற கூடுதல் கட்டணம்) ஜிஎஸ்டியும் சேர்ந்து பல கார்டுல 4%, இங்க ஏர்போர்ட்ல லிமிட் தாண்டினா கஸ்டம்ஸ் டியூட்டி வேற, அதுவும் உங்க பாஸ்போர்ட்லதான்.

கலேரியா விட்டோரியோ இமானுவேலேன்னு ஒரு பழைய ஷாப்பிங் ஆர்கேட் இருக்கு, அங்க கண்ணாடிக் கூரையைப் பாத்துட்டே நடங்க, காசே இல்ல. தரையில மொசைக் காளை ஒண்ணு இருக்கும், அது மேல குதிகாலை வச்சு சுத்தினா அதிர்ஷ்டம்னு எல்லாரும் சுத்துவாங்க, நீங்களும் சுத்துங்க. ஸ்ஃபோர்சா கோட்டை முற்றமும் ஃப்ரீ. டாவின்சியோட 'கடைசி விருந்து' பாக்க 15 நிமிஷம்தான் விடுவாங்க, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும், அதிகாரப்பூர்வ சைட்லயே முன்கூட்டி போடுங்க, ஏஜென்ட் பேக்கேஜ்ல பல மடங்கு கேப்பாங்க.

கடையில கார்டு மெஷின் 'ரூபாயா யூரோவா'ன்னு கேட்டா யூரோவையே அமுக்குங்க, ரூபாய்னா அவங்க ரேட்ல தீட்டுவாங்க. லிஸ்ட் குடுத்தவங்ககிட்ட ஒரே பதில்: ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி பணம் என் அக்கவுண்ட்ல வரணும், டியூட்டி வந்தா அதுவும் உங்களது.