சூப்பின பனங்கொட்டையும் மாரித் தவக்கையும்

எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ப் பகிடி உவமைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

மாஸ்டர், நான் கனடாவில் பிறந்தவள். தலை இழுக்காமல் (தலை வாராமல்) நின்றால் அம்மம்மா "சூப்பின பனங்கொட்டை மாதிரி நிக்கிறாய்" என்பார். ஏன் பனங்கொட்டை?

பிள்ளை, ஒருமுறை ஆவணியில் ஊருக்கு வாரும். பனம்பழத்தைச் சுட்டு, தோலை உரித்து, களியைச் சூப்பி முடித்த பிறகு கொட்டையைப் பாரும். மஞ்சள் தும்பு நாலு பக்கமும் சிலிர்த்து நிற்கும். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் எந்தச் சீப்பும் இறங்காது. அம்மம்மா ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த மாதிரி" என்றால் சுகமாகக் கிடைத்த வெற்றிதானே?

இல்லை. பலர் அப்படித்தான் பாவிக்கிறார்கள், எனக்கு மனம் கேட்பதில்லை. பழம் ஒரு கிலோ வரும், சிலது அதற்கும் மேல். காகத்தின் பாரத்துக்கா அது விழும்? கனிந்தால் தானாகக் கழன்று விழும். அந்த நேரம் பார்த்துக் காகம் வந்து இருந்தது, அவ்வளவுதான். வடமொழியிலும் இதே படம் உண்டு: காகதாலீயம். தாலம் என்றால் பனை. கஷ்டப்பட்டுப் படித்துப் பாஸ் பண்ணின பிள்ளைக்கு இதைச் சொல்வது அநியாயம். "நான் சொன்ன புத்தியாலதான் பாஸ் பண்ணினவன்" என்று சொல்லித் திரிகிற மாமாவுக்குச் சொல்லுங்கள், அச்சாவாகப் பொருந்தும்.

"மாரித் தவக்கை மாதிரிக் கத்தாதை" என்பது வெறும் சத்தத்துக்கா?

தவக்கை என்றால் தவளை. சத்தத்துக்கு மட்டுமில்லை, விடாமல் கத்துவதற்கு. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். முதல் பெருமழை பெய்து வெள்ளம் நின்ற இரவில் ஆண் தவக்கைகள் பெண் தவக்கைகளைக் கூப்பிடத் தொடங்கும். ஒன்று ஓய மற்றது பிடிக்கும், விடியும்வரை அதே குரல். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டு நச்சரிக்கும் பிள்ளைக்கு அதைவிட வேறென்ன சொல்வது?

வேலியில போன ஓணானை ஏன் மடிக்குள்ள விடவேண்டும்?

மடி என்பது வேட்டி, சாரத்தின் இடுப்பு மடிப்பு. வெற்றிலையும் காசும் வைக்கிற இடம். அதற்குள் ஒரு கறட்டி ஓணான் புகுந்தால் மனிசன் எப்படித் துள்ளுவான்! வலியப் போய் வாங்கின கரைச்சல் என்பது பொருள்.

இவற்றை யாரும் தொகுத்திருக்கிறார்களா? நானும் எழுதி வைக்க நினைக்கிறேன்.

பேர்சிவல் பாதிரியார் 1843இல் யாழ்ப்பாணத்திலேயே ஒரு பழமொழித் தொகுப்பை அச்சிட்டார். 1874இல் சென்னையில் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் உண்டு. நீர் எழுதும்போது சொல்லோடு நிற்காமல், யார், யாருக்கு, எந்த நேரம் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறித்து வையும். அம்மம்மாவிடம் கேட்கலாம் என்றால் இந்தக் கிழமையே தொடங்கும்.