கையில் பட்டால் பெனால்டியா? ஹேண்ட்பால், விஏஆர்: கேள்வி பதில்

கால்பந்தில் பந்து கையில் படும் தவறான ஹேண்ட்பால் பற்றியும், வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் பற்றியும் கேட்கலாம் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே ஆட்டத்தைப் பற்றியது. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். கோபமாகக் கேட்டவர்களின் கோபத்தை அப்படியே விட்டிருக்கிறேன். கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: யூரோ 2024 காலிறுதியில் முசியாலா அடித்த பந்து குகுரேயாவின் கையில் பட்டதை உலகமே பார்த்தது. விஏஆர் அறையில் இருந்தவர்கள் மட்டும் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். அதுதான் விஷயமே.

2024 ஜூலை 5, ஸ்டுட்கார்ட். ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1. கூடுதல் நேரத்தில், 106ஆவது நிமிடம். ஜெர்மனியின் முசியாலா அடித்த ஷாட் கோலை நோக்கிப் போகிறது, ஸ்பெயினின் குகுரேயாவின் இடது கையில் பட்டு நிற்கிறது. நடுவர் ஆண்டனி டெய்லர் உடனே 'ஆட்டம் தொடரட்டும்' என்றார். கை கீழே தொங்கியபடி இருந்தது, உடலை விட்டு அதிகம் விலகவில்லை என்பது அவர் கணக்கு. போட்டி தொடங்கும் முன் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா கொடுத்த விளக்கமும் ஏறக்குறைய அதேதான்: கை செங்குத்தாகக் கீழே, உடலை ஒட்டி இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படியிருக்க, விஏஆர் அறையிலிருந்த ஸ்டூவர்ட் அட்வெல் 'இது அப்பட்டமான தவறு' என்று எதை வைத்துச் சொல்வார்? 119ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் மெரினோ தலையால் கோல் போட்டார், ஜெர்மனி வெளியே.

வேடிக்கை என்னவென்றால், அதே செப்டம்பரில் யூஃபாவின் நடுவர் குழு, அது பெனால்டி கொடுத்திருக்க வேண்டிய ஹேண்ட்பால் என்று சொல்லிவிட்டது. கோலை நோக்கிப் போகும் ஷாட்டைத் தடுக்கும் கையை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தந்த காரணம். எனக்கும் அது பெனால்டிதான். ஆனால் தேர்வு முடிந்த பிறகு விடைத்தாள் திருத்தும் முறையை மாற்றினால், தேர்வு எழுதியவனைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: சார், எனக்கு அடிப்படையே குழப்பம். விதி என்னதான் சொல்கிறது? எளிமையாகச் சொல்லுங்கள்.

2019 வரை எளிமையாகத்தான் இருந்தது: வேண்டுமென்றே கையால் தொட்டால் தவறு, இல்லாவிட்டால் இல்லை. மனசுக்குள் இருப்பதை நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பிரச்சினை இருந்தது, உண்மைதான். அதற்கு மருந்தாக, விதிகளை எழுதும் இஃபாப் அமைப்பு 2019இல் பக்கம் பக்கமாக எழுதியது. கை உடலை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கினால் தவறு, தோளுக்கு மேலே போயிருந்தால் பெரும்பாலும் தவறு, தாக்கும் அணிக்காரர் கையில் தற்செயலாகப் பட்டுக் கோல் விழுந்தாலும் செல்லாது. 2020இல் 'கை எங்கே தொடங்குகிறது' என்று வரையறுத்தார்கள்: அக்குளின் அடிமட்டத்திலிருந்து கீழே இருப்பதெல்லாம் கை, அதற்கு மேல் தோள்.

இதன் விளைவை 2020 செப்டம்பரில் டாட்டன்ஹாம் அனுபவித்தது. நியூகாசிலின் ஆண்டி கேரல் தலையால் முட்டிய பந்து, அவருக்கு முதுகு காட்டிக் குதித்துக்கொண்டிருந்த எரிக் டயரின் கையில் பட்டது. டயர் பந்தைப் பார்க்கவே இல்லை. பெனால்டி! கடைசி நிமிடத்தில் 1-1. புள்ளி கிடைத்த நியூகாசில் மேனேஜர் ஸ்டீவ் புரூஸே இந்த விதி அபத்தம் என்றார். அப்புறம் பிரீமியர் லீக் தன் நடுவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்திச் சொன்னது.

2021இல் மறுபடி திருத்தம். கையில் பட்டதெல்லாம் தவறல்ல என்று வெளிப்படையாக எழுதினார்கள். வேண்டுமென்றே தொட்டால் தவறு. கை இருக்கும் இடம் அந்த நேரத்து உடலசைவோடு பொருந்தாமல், உடலைப் பெரிதாக்கினால் தவறு. தன் கையில் பட்டு நேராகவோ அல்லது பட்ட உடனேயோ கோல் போட்டால் அது தற்செயல் என்றாலும் செல்லாது. சக ஆட்டக்காரர் கையில் தற்செயலாகப் பட்டு உங்களிடம் வந்து நீங்கள் கோல் போட்டால் செல்லும். இன்றும் கிட்டத்தட்ட இதுதான் நிலை. எளிமையாகக் கேட்டீர்கள், இதைவிட எளிமையாக அவர்களே எழுதவில்லை.

கேள்வி: விழும்போது ஊன்றிய கையில் பட்டால்கூடப் பெனால்டியா அண்ணா?

2022 உலகக் கோப்பையில் உருகுவே இதைத்தான் கேட்டது. போர்ச்சுகலின் புரூனோ பெர்னாண்டஸ் தட்டிய பந்து, சறுக்கிக்கொண்டே விழுந்த கிமனெஸின் ஊன்றிய கையில் பட்டது. நடுவர் அலிரேசா ஃபகானி மைதான ஓரத்திலிருக்கும் மானிட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பெனால்டி கொடுத்தார். போர்ச்சுகல் ஏற்கெனவே 1-0 முன்னிலை, கைமீறிய ஆட்டம், கூடுதலாக ஒரு கோல், அவ்வளவுதானே என்று அன்று பலரும் கடந்துபோனார்கள்.

கடைசியில் கணக்குப் பாருங்கள். அந்தப் பிரிவில் உருகுவேயும் தென் கொரியாவும் தலா 4 புள்ளி, கோல் வித்தியாசமும் சமம், பூஜ்யம். அதிகக் கோல் போட்டதால் கொரியா அடுத்த சுற்றுக்குப் போனது. அந்த ஒரு பெனால்டி இல்லாமல் மற்ற முடிவுகள் அப்படியே இருந்திருந்தால் உருகுவேயின் வித்தியாசம் +1. போயிருப்பது அவர்கள்தான். ஊன்றிய கைக்கு 2019, 2020 விதிப்புத்தகங்களில் தெளிவான சலுகை இருந்தது. 2021 திருத்தத்தில் அந்த வரி போய்விட்டது. உடலசைவோடு பொருந்துகிறதா என்று நடுவர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், விழுகிறவன் கையை ஊன்றாமல் மூக்கையா ஊன்றுவான்?

கேள்வி: நான் குரோஷியா ஆதரவாளன். 2018 இறுதிப் போட்டியை இன்னும் மறக்க முடியவில்லை. பெரிசிச் செய்தது தவறா இல்லையா? நேரடியாகச் சொல்லுங்கள்.

நேரடியாகச் சொல்கிறேன். அன்றைய விதிப்படி அது பெனால்டி இல்லை.

மாஸ்கோ, 1-1 என்ற நிலை. பிரான்சின் கார்னர். பெரிசிச்சுக்கு முன்னால் மட்டுயிடி குதிக்கிறார், பந்தைத் தவறவிடுகிறார். பின்னால் நிற்பவருக்குப் பந்து தெரிவதே அந்தக் கணத்தில்தான். கையில் பட்டு வெளியே போகிறது. நடுவர் நெஸ்டர் பித்தானா முதலில் பெனால்டி கொடுக்கவில்லை. விஏஆர் அழைத்ததும் மானிட்டருக்குப் போனார். பார்த்தார். திரும்பி நடக்கத் தொடங்கியவர், மறுபடி வந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு பெனால்டி கொடுத்தார், கிரீஸ்மன் அடித்தார், 2-1. கடைசியில் 4-2.

அந்த இரண்டாவது பார்வைதான் என் பதில். விஏஆர் தலையிட வேண்டுமானால் தவறு தெளிவாகவும் அப்பட்டமாகவும் இருக்க வேண்டும். இரண்டு தடவை பார்த்தும் தயங்கவேண்டியிருந்தால் அதில் என்ன அப்பட்டம்?

இன்னொன்றும் உண்டு. விஏஆர் வழிமுறையிலேயே எழுதியிருக்கிறது: பந்து கையில் எந்த இடத்தில் பட்டது என்பதற்கு ஸ்லோமோஷன் பார்க்கலாம், அது குற்றமா என்று முடிவு செய்ய இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். ஸ்லோமோஷனில் எல்லாக் கையும் திட்டமிட்டு வந்த கை மாதிரிதான் தெரியும். கையை இழுத்துக்கொள்ள நேரமிருந்ததே என்று தோன்றும். உண்மையில் கண் சிமிட்டும் நேரம்கூட இருந்திருக்காது.

இன்றைய விதியில் பார்த்தால்? கை உடலை விட்டு விலகி, கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்று அதே பெனால்டிக்கு ஆதரவாகப் பேச இன்னும் நிறைய இருக்கிறது. உங்களுக்கு இது ஆறுதலாக இருக்காது என்று தெரியும்.

கேள்வி: பந்துக்குள்ளேயே சிப் வைத்துவிட்டார்களே. கிரிக்கெட்டில் ஸ்னிக்கோ வந்ததும் எட்ஜ் சண்டை ஓய்ந்த மாதிரி இங்கேயும் ஓய வேண்டாமா?

நல்ல கேள்வி. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

யூரோ 2024இல் ஜெர்மனி-டென்மார்க் ஆட்டம். டென்மார்க்கின் ஆண்டர்சன் போட்ட கோல், டெலானியின் கால் விரல் நுனி அளவு ஆஃப்சைடால் ரத்தானது. சில நிமிடங்களிலேயே ஜெர்மனியின் டேவிட் ராவும் பக்கவாட்டிலிருந்து அடித்த கிராஸ் அதே ஆண்டர்சனின் கையை உரசியது. திரையில் இதயத் துடிப்புக் கோடு மாதிரி ஒரு கோடு எழும்பியது. பந்துக்குள் இருக்கும் சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பக்கூடியது, அதனால் பட்டதில் சந்தேகமில்லை. நடுவர் மைக்கேல் ஆலிவர் பெனால்டி கொடுத்தார், ஹாவர்ட்ஸ் அடித்தார். டென்மார்க் பயிற்சியாளர் ஹியுல்மண்ட் ஆட்டம் முடிந்ததும் இந்த ஹேண்ட்பால் விதியைக் கடுமையாகச் சாடினார். ஓடுகிற மனிதன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டா ஓடுவான் என்பது அவர் வாதம்.

கிரிக்கெட்டில் மட்டையில் பட்டு, கீப்பர் பிடித்தால் அவுட். பட்டதா இல்லையா என்பதோடு கதை முடிந்தது. ஹேண்ட்பாலில், பட்டது என்று தெரிந்த பிறகுதான் கேள்வியே ஆரம்பிக்கிறது. சென்சார் கோட்டைத் திரையில் காட்டும்போது, பார்க்கிறவனுக்கு 'நிரூபித்துவிட்டார்கள்' என்ற எண்ணம் வருகிறது. நிரூபித்தது பட்டதை மட்டும். யாரும் மறுக்காததை நொடிக்கு 500 தடவை நிரூபித்து என்ன லாபம்?

அதே யூரோவில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக பெல்ஜியத்தின் லுகாகு போட்ட கோல், சக ஆட்டக்காரர் ஓபெண்டாவின் கையில் பட்டதாகக் கோடு காட்டி ரத்தானது. ஓபெண்டா கோல் போட்டவரில்லை, பந்தைக் கொடுத்தவர். தற்செயல் என்றால் கோல் செல்லும். ஆக அங்கேயும் கை இருந்த இடத்தை நடுவர்தான் எடைபோட வேண்டியிருந்தது.

கேள்வி: தன் உடம்பிலேயே பட்டுக் கைக்கு வந்தால்?

பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். 2023 ஏப்ரலில் யூஃபாவின் ஆலோசனைக் குழுவே அப்படித்தான் பரிந்துரைத்தது. அதே நவம்பரில் பாரிஸில் நியூகாசிலின் லிவ்ராமென்டோவின் உடம்பில் பட்டு முழங்கைக்கு வந்த பந்துக்குக் கடைசி நிமிடப் பெனால்டி, பாரிஸ் அணியின் எம்பாப்பே அடித்து 1-1. விஏஆரில் இருந்த நடுவர் அடுத்த நாள் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: விசில் ஊதி ஆட்டம் முடிந்த பிறகு பெனால்டி கொடுத்ததாக நண்பன் சொல்கிறான். கதை விடுகிறானா?

இல்லை, நண்பன் சொல்வது சரி. 2020 செப்டம்பரில் பிரைட்டன்-மான்செஸ்டர் யுனைடெட். 95ஆவது நிமிடத்தில் பிரைட்டன் 2-2 ஆக்கியது, இறுதி விசிலும் ஊதியாயிற்று. அதற்குச் சற்று முன் யுனைடெட்டின் மகுவாய்ர் தலையால் முட்டியது பிரைட்டனின் மோப்பேயின் கையில் பட்டதை விஏஆர் பார்த்துச் சொன்னது. 100ஆவது நிமிடத்தில் பெர்னாண்டஸ் பெனால்டி அடித்தார், 3-2. அன்று பிரைட்டன் ஐந்து முறை கோல் கம்பத்தில் அடித்திருந்தது, பாவம்.

இதைவிடப் பெரிய கூத்து 2018 ஏப்ரலில் ஜெர்மனியில் நடந்தது. மைன்ஸ்-ஃப்ரைபுர்க் ஆட்டத்தில் இடைவேளை விசில் ஊதி, ஃப்ரைபுர்க் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்கே போய்விட்டார்கள். விஏஆர் ஹேண்ட்பாலைக் காட்டியதும் நடுவர் அவர்களைத் திரும்ப அழைத்து, மைன்ஸுக்குப் பெனால்டி கொடுத்தார். கோல்! பிறகு மறுபடி இடைவேளை.

கேள்வி: சுவாரெஸ் செய்தது ஏமாற்று வேலை இல்லையா? கானாவுக்கு நேராகக் கோலே கொடுத்திருக்கலாமே?

2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் உருகுவேயின் சுவாரெஸ், கானாவின் பந்தைக் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்தார். விதி சொன்ன முழுத் தண்டனையும் கிடைத்தது: சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் கம்பத்தில் அடித்ததற்கு விதி பொறுப்பாகாது. ரக்பியில் நேராகப் புள்ளி கொடுக்கும் வழக்கம் உண்டு. கால்பந்தில் இல்லை, வரவும் வேண்டாம் என்பது என் கருத்து. 2024இல் நல்ல மாற்றம் ஒன்று வந்தது: உறுதியான கோல் வாய்ப்பைத் தற்செயலான ஹேண்ட்பால் தடுத்திருந்தால் பெனால்டியோடு மஞ்சள் அட்டை போதும். வேண்டுமென்றே தடுத்தால் பழையபடி சிவப்புதான்.

கேள்வி: இந்தியாவில் விஏஆர் எப்போது வரும்? கத்தார் ஆட்டத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது.

எனக்கும்தான். 2024 ஜூன் 11, தோஹா. கோல் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கோல் போட்டார்கள், நடுவர் கொடுத்துவிட்டார். சாங்தே போட்ட கோலால் முன்னிலையில் இருந்த இந்தியா 2-1 என்று தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. அந்தச் சுற்றில் விஏஆர் கிடையாது. பந்து வெளியே போனதா என்பது கருத்து அல்ல, உண்மை. அதற்குத்தான் கேமரா. ஒரே ஒரு ரீப்ளே போதும்.

இந்தியாவின் ஐஎஸ்எல் போன்ற லீக்குகளுக்கு முழு விஏஆரை விட ஃபிஃபா பரிசோதித்த எளிய முறை பொருத்தம் என்று நினைக்கிறேன். தனி அறை, தனி நடுவர் குழு எதுவும் வேண்டாம். பயிற்சியாளர் முறையிடுவார், நடுவரே திரையில் பார்ப்பார். 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இதை முயன்றார்கள்.

கேள்வி: மொத்தமாக விஏஆரை ஒழித்துவிடலாமா?

2024இல் வுல்வ்ஸ் அணி பிரீமியர் லீக்கில் இதே தீர்மானத்தைக் கொண்டுவந்தது, 19-1 என்று தோற்றது. ஆஃப்சைடுக்கும், ஆள் மாறி அட்டை காட்டிவிட்டால் திருத்துவதற்கும் இருக்கட்டும். ஹேண்ட்பாலில் மட்டும் இரண்டு விஷயத்தோடு நிறுத்தினால் போதும்: கையால் போட்ட கோல், கோலுக்குப் போகும் பந்தைத் தடுத்த கை. பாக்ஸின் ஓரத்தில் கிராஸ் ஒன்று விரலை உரசிப் போவதற்கு, கிட்டத்தட்டக் கோலுக்குச் சமமான பெனால்டி என்பது எந்த ஊர் நியாயம்? நேராகக் கோல் போட முடியாத மறைமுக ஃப்ரீகிக் கொடுத்தால் போதாதா?

கேள்வி: பள்ளி ஆட்டங்களில் நடுவராக நிற்கிறேன். கேமராவும் இல்லை, லைன்ஸ்மேனும் இல்லை. எதைப் பார்ப்பது?

பந்து கைக்குப் போனதா, கை பந்துக்குப் போனதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அடித்தவருக்கும் இவருக்கும் எவ்வளவு தூரம். பையன் ஓடுகிறானா, குதிக்கிறானா, விழுகிறானா, அந்த அசைவில் கை அங்கே இருப்பது இயல்பா. கிராஸ் வரும்போது பாக்ஸுக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் வந்துவிடுங்கள், கைக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி அப்போதுதான் தெரியும். 'ஹேண்ட்' என்று கத்தும் சத்தம் காதில் விழும் முன்பே முடிவு உங்கள் மனசில் இருக்க வேண்டும். விசில் ஊதினால் கேப்டனிடம் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், இரண்டாவது வரியில் சண்டை ஆரம்பித்துவிடும்.