199 ரூபாய் போக மீதி

கேள்வி: பண்டிகைத் தள்ளுபடியில் 199 ரூபாய்க்கு டி-ஷர்ட் கிடைக்கிறது. நானே ஐந்து வாங்கினேன். ஏழைகளும் நல்ல துணி உடுத்த வழி பிறந்திருக்கும்போது, அதிலும் சுற்றுச்சூழல் கேடு என்று எழுதுகிறீர்களே, வளர்ச்சி என்றாலே உங்களுக்கு ஆகாதா?
– வாசகர், கோவை

பதில்: ஏழை உடுத்துவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏழையை முன்னால் நிறுத்திவிட்டு, ஐந்து பைகளோடு பின்னால் நிற்பது நீங்கள்.

அந்த ஐந்தில் கறுப்போ கருநீலமோ ஒன்றாவது இருக்கும். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். நிறம் அடர அடர உப்பும் கூடும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு போகாது. அலசிய தண்ணீரோடு அப்படியே வெளியே வரும். கழிவுநீரின் நிறத்தைப் போக்குவது ஓரளவு எளிது. கரைந்த உப்பைப் பிரிக்கத்தான் பணம் கரையும். அந்தப் பணத்தை மிச்சம்பிடிக்கத் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் பல ஆண்டுகள் சாயக்கழிவை நொய்யல் ஆற்றில் விட்டார்கள். (திருப்பூரை அடையும் முன்பே உங்கள் ஊர்ச் சாக்கடையையும் அது வாங்கிக்கொள்கிறது என்பது வேறு கதை.)

ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. கிணறுகள் உப்பாயின. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடும் விவசாயிகளைத்தான் நாம் அறிவோம். இங்கேயோ, திறந்தால் கழிவு தங்கள் வயலுக்கு வரும் என்று, திறக்காதீர்கள் எனக் கெஞ்சினார்கள். ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஏற்பாட்டோடுதான் மீண்டும் திறக்க முடிந்தது. அதற்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. வட்டியைக் கட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? டி-ஷர்ட் வாங்காதவரும் சேர்த்துத்தான்.

இப்போது சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்துத் தண்ணீரை மீட்கிறார்கள். பாராட்டத்தக்க வேலைதான். ஆனால் மீண்டும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அதை எங்கே கொட்டுவது என்பதற்கு நல்ல விடை இன்னும் கிடைக்கவில்லை. இத்தனையும் செய்கிற பட்டறைக்குச் செலவு கூடுகிறது. இருட்டியதும் ஓடையில் திறந்துவிடுகிற பட்டறைக்குச் செலவே இல்லை. 199 ரூபாய்க்குத் துணி கேட்கும் சந்தையில் இந்த இருவரில் யார் பிழைப்பார் என்பதற்குப் பெரிய கணக்குப் படிப்பு வேண்டியதில்லை.

நிலம் கெட்டவருக்கு வளர்ச்சி பிடிக்குமா என்பதை என்னிடம் கேட்பதைவிட, ஒருநாள் ஒரத்துப்பாளையம் போய் அங்கேயே கேளுங்கள். அந்த ஐந்தில் ஒன்றை உடுத்திக்கொண்டே போகலாம்.