ஹைட்ராலிக், லேண்டிங் கியர் பழுது தேடல்: கேள்வி பதில்

விமானப் பராமரிப்பு மாணவர்களும் பணியிலுள்ள மெக்கானிக்குகளும் அனுப்பிய கேள்விகளுக்கு, பாகங்களைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக், விமானத்தைச் சக்கரங்களில் தாங்கும் லேண்டிங் கியர் ஆகிய இவ்விரு அமைப்புகளையும் கற்பிக்கும் பயிற்றுநர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என்ஜின் பற்றிய கேள்விகளை அத்துறையினருக்கு விட்டுவிடுகிறேன்.

கேள்வி (மாணவர், சென்னை): ஐயா, ஹைட்ராலிக் கசிவைத் தேடுவதை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கசிவு வெளியே சொட்டுகிறதா, உள்ளுக்குள்ளேயே வழிகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வெளிக்கசிவு என்றால் எக்காரணம் கொண்டும் குழாயைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஏ320, போயிங் 737 விமானங்களின் ஹைட்ராலிக் அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு); போயிங் 787, ஏ350 விமானங்களில் 5000 பி.எஸ்.ஐ. இவ்வழுத்தத்தில் ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீய்ச்சும் திரவம் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் அது தாமதமின்றி அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காயம். கைக்குப் பதிலாக அட்டைத் துண்டைக் காட்டுங்கள். கசிவிடம் தெரிந்த பின்பும், அழுத்தத்தை முழுவதும் இறக்காமல் அந்த நட்டை முறுக்காதீர்கள்.

உட்கசிவு இன்னும் நுட்பமானது. தரையில் ஒரு சொட்டும் இருக்காது, ரிசர்வாயர் என்ற தொட்டியில் திரவ அளவும் குறையாது. ஆனால் பம்ப் ஓயாமல் உழைக்கும், திரவம் சூடேறும், திரவ அழுத்தத்தால் பாகத்தை நகர்த்தும் ஆக்சுவேட்டர் மந்தமாக நகரும். தேய்ந்த வால்வு வழியாக உயர் அழுத்தத் திரவம் திரும்பு குழாய்க்கு நழுவும்போது அதன் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஆகவே அமைப்பை இயக்கிவிட்டு, எதையும் அசைக்காமல் சிறிது நேரம் விட்டு, திரும்பு குழாய்களின் வெப்பநிலையைக் கருவியால் ஒவ்வொன்றாக அளந்தால், மற்றவற்றைவிடச் சூடான குழாய் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். பம்ப் மீதே ஐயம் இருந்தால், அதன் உட்கூட்டிலிருந்து வடியும் திரவத்தை வடிகட்டும் கேஸ் டிரெயின் ஃபில்ட்டரைக் கழற்றி, உலோகத் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பம்ப் தேய்வதை முதலில் சொல்லும் சாட்சி அந்த ஃபில்ட்டர்தான்.

கேள்வி (மாணவர், திருச்சி): சிவப்பு எண்ணெய் கைவசம் இருந்தால் ஸ்கைட்ராலுக்குப் பதிலாக ஊற்றலாமா?

கூடாது. இரண்டும் ஹைட்ராலிக் திரவங்களே என்றாலும் வேதியியலில் வேறு. சிவப்பு எண்ணெய் ஹைட்ரோகார்பன். ஊதா நிற ஸ்கைட்ரால் பாஸ்பேட் எஸ்டர். ஒன்றுக்கு ஏற்ற ரப்பர் சீல் மற்றொன்றில் ஊறி உப்பிக் கெடும். அவ்வாறு தவறிக் கலந்துவிட்டால் திரவத்தை வடிப்பதோடு வேலை முடியாது. கையேடு சொல்லும் சீல்களையும் மாற்ற வேண்டும்.

கேள்வி (பயிற்சி மெக்கானிக், பெங்களூர்): நைட்ரஜன் கேஜைப் பார்க்காமல் அக்குமுலேட்டரின் முன்னழுத்தத்தை அறிய வழியுண்டா?

உண்டு. அக்குமுலேட்டர் என்பது நைட்ரஜனின் துணையால் திரவத்தை அழுத்தத்தோடு சேமிக்கும் கலன்; திரவம் இல்லாதபோது அதிலுள்ள நைட்ரஜனின் அழுத்தமே முன்னழுத்தம். பம்பை நிறுத்திவிட்டு, அந்த அக்குமுலேட்டர் ஊட்டும் ஏதேனும் ஒன்றை, உதாரணமாக பிரேக்கை, மெதுவாக இயக்கி அழுத்தத்தை இறக்கிக்கொண்டே ஹைட்ராலிக் கேஜைக் கவனியுங்கள். முள் சீராக இறங்கிவந்து, ஓரிடத்தில் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழும். விழத் தொடங்கும் அந்த அளவுதான் நைட்ரஜனின் முன்னழுத்தம். அதற்குக் கீழே தள்ளுவதற்குத் திரவம் எஞ்சியிருப்பதில்லை. இது தோராயமான அறிகுறியே தவிர, ஏட்டில் எழுதும் அளவு அன்று. கையெழுத்திடுவதற்கு முன் நைட்ரஜன் கேஜில் முறைப்படி அளந்தே ஆக வேண்டும்.

கேள்வி (மாணவி, கோவை): விமானம் தரையில் நிற்கும்போதே கியர் நெம்புகோலை மேலே வைக்கச் சொல்லும் சோதனைகள் உண்மையிலேயே உள்ளனவா?

உள்ளன. அதனால்தான் கியர் மடங்காமல் பூட்டும் பின் (pin) பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். 2021 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவில், சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 787-8 விமானத்தில், பழுதுச் செய்திகளை அழிக்கும் செயல்முறையின் ஒரு பகுதியாக, ஹைட்ராலிக் அழுத்தம் இருக்கும்போதே நெம்புகோல் மேலே வைக்கப்பட்டது. மூக்குக் கியர் மடங்கி, விமானம் முகம் குப்புற விழுந்தது. பின் செருகப்பட்டிருந்தது, ஆனால் செருக வேண்டிய துளையில் அன்று, அதை ஒட்டியிருந்த இன்னொரு துளையில். பொறுப்புப் பொறியாளருக்கு அந்த உயரம் எட்டாததால் அவர் கீழிருந்து இடத்தைச் சுட்டிக்காட்ட, ஏணியில் நின்ற மெக்கானிக் செருகினார். அந்தத் தவறான துளையை அடைத்துவிடும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஏற்கெனவே உத்தரவிட்டிருந்தது. அதற்கான கெடு முடியாததால் அவ்விமானத்தில் அது செய்யப்பட்டிருக்கவில்லை.

பின்னில் கட்டிய சிவப்பு எச்சரிக்கைத் துணி தொங்குவது பின் செருகியதற்கு மட்டுமே சான்று, பூட்டியதற்குச் சான்று ஆகாது. பொறுப்பேற்பவர் தாமே ஏணியில் ஏறி, பின் எந்தத் துளையில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எட்டவில்லை என்றால் உயரமான ஏணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி (மாணவர், மதுரை): எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் நல்ல சம்பளம் கிடைக்கும்?

இது என் துறையன்று. சேருமுன், அந்நிறுவனத்துக்கு இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.யின், பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான சி.ஏ.ஆர்.-147 ஒப்புதல் நடப்பில் உள்ளதா என்று சரிபாருங்கள்.

கேள்வி (லைன் மெக்கானிக், மும்பை): பழுது தேடல் கையேட்டின்படி படிப்படியாகப் போனால் விமானம் தாமதமாகிறது. ஏ320-இல் கியர் நிலைச் செய்தி வந்தால் நான் ப்ராக்ஸிமிட்டி சென்சாரைத்தான் மாற்றுகிறேன், பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இதில் என்ன தவறு?

தீர்ந்தது என்று எப்படி அறிந்தீர்கள் என்பதே என் கேள்வி. கியரின் நிலையை, எதிரே வரும் இலக்குத் தகட்டைத் தொடாமலே உணர்ந்து சொல்வது ப்ராக்ஸிமிட்டி சென்சார். அது கெட்டிருக்கலாம், அதற்கும் அந்தத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கலாம், கனெக்டரில் ஈரம் புகுந்திருக்கலாம், கியர் அசையும்போது மட்டும் ஒயர் அறுந்து சேரலாம். இவை அனைத்தும் காக்பிட்டில் ஒரே செய்தியாகத்தான் வரும். மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறீர்கள், இடைவெளியைப் புதிதாக வைக்கிறீர்கள். குணமானது எதனால் என்று எப்படிச் சொல்வீர்கள்?

அதே நண்பர் மீண்டும்: அடுத்த பறத்தலில் செய்தி வரவில்லையே, அது போதாதா?

ஏ320-இல் அது போதவே போதாது. கியரைக் கட்டுப்படுத்தும் எல்.ஜி.சி.ஐ.யு. என்ற கணினி அலகுகள் இரண்டு, ஒவ்வொரு கியர் சுற்றுக்கும் (ஒருமுறை மடக்கி இறக்குவது) அவை மாறி மாறிப் பொறுப்பேற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சென்சார்கள். எனவே அடுத்த பறத்தலில் அறிகுறி தென்படாமல் போவதற்கு, மற்ற அலகு கட்டுப்பாட்டில் இருந்ததுகூடக் காரணமாகலாம். அதற்கடுத்த பறத்தலில் பழுது திரும்பும்போது நீங்கள் வேறு ஷிஃப்டில் இருப்பீர்கள், வேறொருவர் இரண்டாவது சென்சாரை மாற்றிக்கொண்டிருப்பார்.

கேள்வி (இன்னொரு மெக்கானிக், துபாய்): மும்பை நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. கையேட்டில் இல்லாததையும் அனுபவம் சொல்லித்தருமே?

சொல்லித்தரும், அடுத்து எதை அளப்பது என்று சொல்லும் அனுபவத்தை நான் மதிக்கிறேன். அளக்கவே வேண்டாம் என்று சொல்லும் அனுபவத்தைத்தான் எதிர்க்கிறேன். 2011 நவம்பர் 1 அன்று நெவார்க்கிலிருந்து வார்சாவுக்குப் பறந்த போலந்தின் லாட் நிறுவன 767 விமானத்தில், புறப்பட்ட சிறிது நேரத்தில் ஒரு ஹோஸ் கசிந்து, கியரை இயக்கும் மைய ஹைட்ராலிக் அமைப்பு திரவத்தை இழந்தது. வார்சாவில் மின்மோட்டாரால் இயங்கும் மாற்றுவழியில் கியரை இறக்க முயன்றபோது அதுவும் இயங்கவில்லை. விமானம் வயிற்றால் தரையிறங்கியது. அதிலிருந்த 231 பேரும் உயிர் பிழைத்தனர். பின்னர் விமானத்தைத் தூக்கி, வெளியே தள்ளி மின்சாரத்தைத் துண்டித்திருந்த ஒரு சர்க்கிட் பிரேக்கரை உள்ளே அழுத்தி மின்சாரம் கொடுத்தபோது, மாற்றுவழியில் கியர் இறங்கியது. ஒரு பழுதைக் கண்டதும் மற்றதையும் அதன் தலையில் கட்டிவிட மனம் விரும்பும். அங்கே இருந்தவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு. கையேடுகளில் முதல் வரிகளில் வருவதும், அனுபவசாலிகள் முதலில் தாண்டிச் செல்வதும் 'சர்க்கிட் பிரேக்கரைச் சரிபார்' என்ற அந்த வரிதான்.

கேள்வி (மாணவர், சேலம்): கையுறை போட்டுக்கொண்டு கசிவைத் தொட்டுப் பார்க்கலாமா?

முதல் பதிலிலேயே கையுறை என்ற சொல் இருக்கிறது. கூடாது.

கேள்வி (மாணவர், ஈரோடு): மிக மெல்லிய கசிவு என்றால் விரலால்...

கூடாது. மெல்லிய கசிவுதான் தோலைத் துளைக்கும். இக்கேள்வியை வேறு யாரும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி (மெக்கானிக், கொழும்பு): ஷாக் ஸ்ட்ரட் தாழ்ந்து நிற்கிறது. நைட்ரஜன் ஏற்றினால் போதுமா? காற்று ஏற்றலாமா?

காற்று கூடாது. ஷாக் ஸ்ட்ரட் என்பது தரையிறங்கும் அதிர்வைத் தாங்கும் கியர் கால்; அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்வது தீக்கு வழி. டயரிலும் இதே கவனம் தேவை. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவன 727 விமானத்தில், சூடேறிய பிரேக்கால் காற்று நிரப்பிய டயர் வெடித்து 167 பேர் இறந்தனர்.

நைட்ரஜன் மட்டும் போதுமா என்பது, குறைந்தது எது என்பதைப் பொறுத்தது. பளபளக்கும் குரோம் தண்டு வெளியே தெரியும் நீளத்தையும், அழுத்தத்தையும், வெப்பநிலையையும் அளந்து ஸ்ட்ரட்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எண்ணெய் குறைந்த ஸ்ட்ரட்டில் நைட்ரஜனை மட்டும் ஏற்றினால், நிற்கும்போது உயரம் சரியாகவே தெரியும். ஆனால் தரையிறங்கும் அதிர்வை அடக்க வேண்டியது துளை வழியே நெருக்கிச் செல்லும் எண்ணெய் அல்லவா, அது இல்லாமல் ஸ்ட்ரட் அடிவரை இடித்து, சுமை நேராக விமான உடலுக்குப் போகும். எண்ணெய் மீது ஐயம் இருந்தால் நைட்ரஜனைக் கையேட்டில் உள்ள முறைப்படி மெதுவாக முழுவதும் வெளியேற்றி, ஸ்ட்ரட்டை அமுக்கிய நிலையில், குமிழி வருவது நிற்கும்வரை எண்ணெய் நிரப்பி, அதன்பின் நைட்ரஜன் ஏற்றுங்கள். வெளியேற்றத் தொடங்குமுன், விமானம் தாழும் பாதையில் ஏணியோ ஸ்டாண்டோ ஆளோ இல்லை என்பதைச் சுற்றிவந்து பாருங்கள்.