கமராவைக் கண்டதும் விறைக்கிற பிள்ளைகள்

கேள்வி: புதுக்குடியிருப்பில் சாமத்திய வீடு, கல்யாணப் படங்கள் எடுக்கிறேன். தீபாவளிக்காக ஒரு புடவைக்கடைக்காரர், ஊர்ப் பிள்ளைகளுக்கே சாறி உடுத்திப் படமெடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். இருபது வயசுப் பிள்ளைகள், நேரில் கலகலவென்று கதைக்கிறார்கள். கமராவைத் தூக்கினால் தோள் ஏறுகிறது, கை பொத்துகிறது, சிரிப்பு பல்லோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கமராவைவிடப் படம் எங்கே போகப்போகிறது என்பதில்தான் அவர்களுக்குப் பயம். கடையின் பேஸ்புக்கிலா, சந்தியில் பெரிய பனராகவா, எத்தனை மாதத்துக்கு? பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிடிக்காத படத்தை அவ்விடத்திலேயே அழிப்பேன் என்றும் சொல்லுங்கள், சொன்னபடி அழியுங்கள்.

அப்புறம் கூட்டம். பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமி, சைக்கிளில் கால் ஊன்றி நிற்கிற பெடியள் எல்லாரும் பார்த்தால் யாருக்கும் கை கால் வராது. பிள்ளை கைகாட்டுகிற ஒருவரை மட்டும் உங்கள் தோளுக்குப் பின்னால் நிறுத்துங்கள். அவரோடு கதைத்தபடி வருகிற முகம் உங்களுக்குத்தான்.

'சிரியுங்கோ' என்று மட்டும் சொல்லாதீர்கள். மெய்யான சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், அது கட்டளைக்கு எளிதில் அசையாது என்று டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதிவிட்டார். சிரிப்புக்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். தலைப்பை எடுத்துத் தோளில் போடட்டும், வளையலைத் தள்ளிவிடட்டும், நாலடி நடந்து திரும்பட்டும். வேலை முடிந்து, 'சரியா?' என்று உங்களை நிமிர்ந்து பார்ப்பார்களே, அந்தக் கணத்தில் அழுத்துங்கள்.

நிற்பதற்கு, பாரத்தைப் பின்காலில் போட்டு முன்முழங்காலைத் தளர்த்தச் சொல்லுங்கள். இடுப்பு தானாகச் சாயும். மூச்சை இழுத்து வாயால் மெல்ல விட்டால், விட்டு முடிகிற இடத்தில் தோள் இறங்கியிருக்கும். நாடியைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டி ஒரு துளி தாழ்த்தினால் கழுத்து மடிப்புத் தெரியாது. கையில் புறங்கையைக் காட்டாமல் சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டினால் மெல்லியதாகத் தெரியும். இதையெல்லாம் தொட்டுத் திருத்த வேண்டாம். எதிரே நின்று நீங்களே செய்துகாட்டுங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர்கள் செய்வார்கள். நீங்கள் இடுப்பை வளைக்கிற அழகில் பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

படம் எடுத்தபின் திரையைப் பார்த்து முகத்தைச் சுழித்தபடி பேசாமல் நிற்காதீர்கள். தன்னில்தான் ஏதோ பிழை என்று பிள்ளை நினைக்கும். நல்ல படம் ஒன்று கிடைத்ததும் உடனே காட்டுங்கள். 85 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். தள்ளி நின்றே எடுக்கலாம், மூக்கும் பெருக்காது.

இடம், வெளிச்சம். ஓகஸ்ட் கடைசியில் நம் பக்கம் நடுப்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், கண்குழி கறுத்துவிடும். காலையிலோ நாலு மணிக்குப் பிறகோ எடுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை கிழக்குப் பார்த்தது, விடிகாலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் கண் கூசாது. முகத்துக்கு வெளிச்சம் திருப்ப ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் போதும். செம்மண் தரையில் அதே துணியைக் காலடியில் விரியுங்கள், இல்லாவிட்டால் நாடிக்குக் கீழே சிவப்படிக்கும். சோளகம் அடிக்கிற நேரம் இரணைமடுக் குளக்கட்டில் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து நிற்கச் சொல்லுங்கள், முடியும் தலைப்பும் பின்னால் பறக்கும்.

முதலில் வாயாடிப் பிள்ளையை எடுங்கள், மற்றவர்கள் பார்த்துப் பழகுவார்கள். சாதாரணப் பருத்திச் சாறியில் தொடங்குங்கள். கடைக்காரர் காஞ்சிபுரத்தைத்தான் முதலில் நீட்டுவார், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.